எட்டாவது கோயில்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. ஒரே ஒரு சொல். சொன்னபோது எனக்கு இருபத்தொன்பது வயது. இப்போது எண்பத்தொன்று.

அன்றிலிருந்தே இதை எழுத முயன்றுகொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். அதுவும் பொய். போன மாதம்தான் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்: “நாப்போலியில் பெரிய வியாழன் மாலை என்பது”

(அடித்துவிட்டேன். ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலேயே முடித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.)

இரண்டாவது தொடக்கம்: “என் தங்கை எர்சிலியாவின் காலணிகள் புதியவை.”

(உண்மை. அன்று தொலேதோ தெருவில் எல்லாப் பெண்களின் காலணிகளும் புதியவை. எல்லாருக்கும் கடித்தன. வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். கோயில் மணிகள் ஈஸ்டர் ஞாயிறு வரை ஊமை. ஆயிரக்கணக்கான கால்கள் கல்லில் உரசும் ஓசை மட்டும் இருக்கும். அந்த ஓசை இப்போது இல்லை. இப்போது எல்லாரும் ரப்பர் அடிப்பாகம் போடுகிறார்கள்.)

மூன்றாவது தொடக்கம். இதை வைத்துக்கொள்கிறேன்.

1962. எர்சிலியாவும் சவேரியோவும் முன்னால் நடக்கிறார்கள். நான் மூன்று அடி பின்னால். அப்பாவின் நிபந்தனை அது. அம்மா இல்லாத வீடு. அக்கா கூடப் போகாமல் தங்கை ஓர் ஆணோடு கோயில் கோயிலாகப் போக முடியாது.

சவேரியோவுக்கு தொரினோவில் கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை ரயில். கல்யாணம் பண்ணிக்கொண்டு வடக்கே வருகிறாயா என்று இரண்டு முறை கேட்டிருந்தான். எர்சிலியா இரண்டு முறையும் பேச்சை மாற்றினாள். மூன்றாம் முறை, “வியாழக்கிழமை, கடைசிக் கோயில் வாசல்ல சொல்றேன்” என்றாள்.

கடைசிக் கோயில் என்றால் ஏழாவது. அன்று நற்கருணை அப்பம் வைத்திருக்கும் பீடங்களைப் பார்க்கக் கோயில் கோயிலாகப் போவோம். ‘கல்லறை’ என்றுதான் சொல்வோம். மூன்று பார்க்கலாம், ஐந்து பார்க்கலாம், ஏழு பார்க்கலாம். இரட்டைப்படையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த வருஷத்தில் எடுத்த காரியம் உருப்படாது. காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது. மீறியவரையும் யாருக்கும் தெரியாது.

பேச்சில் கணக்கு மறந்துவிடும் என்று எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

“அமாலியாக்கா, இது மூணுதானே?”

“எண்ணுறது என் வேலை. நீ நட.”

“கொஞ்சம் வேகமா எண்ண முடியுமாக்கா?”

“மூணுக்கு அடுத்து ஏழு வராது தம்பி.”

எர்சிலியா சிரித்தாள். பிறகு அவனிடம், “தொரினோல கடல் இல்லையாமே” என்றாள்.

“மலை இருக்கு. பனியோட.”

“மலையைப் போட்டு சூப் வைக்கவா?”

வீட்டில் அப்பா சிப்பிச் சூப்போடு காத்திருந்தார். பெரிய வியாழன் இரவு எங்கள் ஊரில் எல்லா அடுப்பிலும் அதுதான்.

* சவேரியோ பாத்திரம் சரியாக வரவில்லை. ரொம்ப நல்லவனாக இருக்கிறான். ஒரு பிரதியில் அவனைக் கொஞ்சம் குடிக்க வைத்தேன். இன்னொன்றில் ஜெனோவாவில் ஒரு பெண்ணை வைத்தேன். இரண்டும் ஒட்டவில்லை. அவன் செய்த ஒரே தப்பு என் தங்கையைக் கேட்டதுதான்.

3

ஏழாவது, ஜெசு நுவோவோ. முகப்பெல்லாம் கூர்கூராகக் கருங்கல். உள்ளே, பீடத்தின் காலடியில், இருட்டில் வளர்த்த கோதுமை நாற்று வெள்ளை வெள்ளையாக, மயிர்போல. மண்டியிட்டோம். எழுந்தோம். வெளியே வந்தோம்.

வாசலில் எர்சிலியா நின்றாள். சவேரியோ தொப்பியைக் கழற்றினான். அவள் அவன் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, எத்தனை?”

கோட்டுப் பையில் என் கைகள் இருந்தன. இடது கையில் ஐந்து விரலும் மடங்கியிருந்தது. வலது கையில் இரண்டு.

“ஆறு” என்றேன்.

“ஆறா?” என்றான் சவேரியோ. “நான் ஏழுன்னு...”

“பொண்ணு கேக்க வந்தவன் கணக்கை யாரு நம்புவா?”

எர்சிலியா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி. இன்னும் ஒண்ணு” என்றாள்.

இன்னும் ஒன்று எதிரிலேயே இருந்தது. சாந்தா கியாரா. சதுக்கத்தைக் கடந்தால் போதும். (போன வாரம் இந்தக் கதைக்காகப் போய் அடிகளை எண்ணினேன். நூற்று நாற்பது. அன்று நூறுகூட இருந்திருக்காது. என் அடி சின்னதாகிவிட்டது.)

ஏன் சொன்னேன் என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். தாயில்லாத பிள்ளைகள், ஒரே கட்டில், பதினெட்டு வருஷம் அவள் முதுகு என் வயிற்றை ஒட்டி. எல்லாம் சரிதான். ஆனால் நான் அவள் பதிலைத் தடுக்கவில்லை. தள்ளிப்போடத்தான் செய்தேன். அந்த நூறு அடிக்கு அவள் இன்னும் எங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தாள்.

நடுவழியில் அவள் நொண்டினாள். சவேரியோ கையை நீட்டினான். முதல் முறையாக அவன் கையைப் பிடித்தாள். கண்டிக்க வேண்டியவள் நான். சும்மா இருந்தேன்.

சாந்தா கியாராவுக்குள் போய் வந்தோம். வாசலில் அவனிடம் சொன்னாள்:

“அங்க குளிர் ஜாஸ்தியாமே. எனக்கு ஒரு நல்ல கோட்டு வேணும்.”

சவேரியோவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். அவள் கன்னத்தில் கொடுக்க முடியாதே.

பதில் எட்டாவது கோயிலில் சொல்லப்பட்டது. சரிசெய்ய வழி இருந்தது. இன்னும் ஒரு கோயில் இருக்கிறது, தப்பாக எண்ணிவிட்டேன் என்று

(இந்த வாக்கியத்தை அன்றும் முடிக்கவில்லை.)

வீட்டுக்குப் போனோம். சூப் ஆறியிருந்தது.

4

செப்டம்பரில் கல்யாணம். பிறகு தொரினோ. முதல் குழந்தை நாற்பது நாள்தான் இருந்தது. தந்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது குழந்தையின் பெயர் அல்ல. எட்டு.

அடுத்த பெரிய வியாழன் நான் தனியாகப் போய் ஒரே ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்பதாவது. பழைய கணக்கை இந்த வருஷம் முடிக்கலாமா? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்பார்கள்.

வேறு முடிவுகளும் எழுதினேன். ஒன்றில் நான் உண்மையைச் சொல்கிறேன். “ஏழு” என்கிறேன். அவள் ஜெசு நுவோவோ வாசலில் “மாட்டேன்” என்கிறாள். அதில் அவள் என் கட்டிலிலேயே கிழவியாகிறாள். மூன்று பக்கம் வந்தது. நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

5

நேற்று எர்சிலியாவுக்குப் போன் செய்து இதுவரை உள்ளதைப் படித்துக் காட்டினேன். முடித்ததும் கேட்டாள்:

“அப்போ அது எட்டா?”

“எட்டு.”

“அடிப்பாவி. அம்பது வருஷத்துக்கு மேல எட்டுலயா குடும்பம் நடத்தியிருக்கேன்?”

சிரித்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

“சின்னது போனப்பவும் உனக்கு அதுதான் தோணுச்சா?”

“ஆமா.”

“அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. உன்னைப் பிடிச்சுக் கத்தியிருப்பேன். கத்த ஒரு ஆள் இல்லாமத்தான்க்கா அப்ப செத்தேன்.”

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

பிறகு கேட்டேன்.

“எர்சிலியா, ஜெசு வாசல்ல வாயைத் திறந்தியே. என்ன சொல்ல வந்த?”

அங்கே பின்னால் சவேரியோவின் குரல். “யாரு, அமாலியாக்காவா? ஈஸ்டருக்கு வர்றாங்களான்னு கேளு.”

“அவரு பக்கத்துல உக்காந்து பட்டாணி உரிக்கிறாரு” என்றாள் எர்சிலியா.

“அதனால?”

“அதனால ஒண்ணுமில்ல. கதை எழுதுறவ நீ. பொய்யும் உனக்கு நல்லா வரும். எழுது.”

வைத்துவிட்டாள்.

‘சரி’ என்று சொல்ல வந்திருந்தால் நேற்றுப் போனில் அவனை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். ஆகவே அது

(இல்லை. அப்படி முடிவுகட்ட எனக்கு உரிமை இல்லை. என்னைச் சீண்டுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.)

6

எண்ணியது நான். எழுதியதும் நான். ஒரு வரி மட்டும் உங்களிடம் விடுகிறேன். இந்த முறை அவள் என் பக்கம் திரும்ப மாட்டாள். திரும்பினாலும் நான் பேசப்போவதில்லை.

ஜெசு நுவோவோ வாசலில் சவேரியோ தொப்பியைக் கழற்றினான். எர்சிலியா அவன் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். சொன்னாள்: