கடைசி ஸ்டாப்பு

ஏணியில் நின்று, மாதா சொரூபம் வைத்த கெபியின் உச்சியிலிருந்து சீரியல் விளக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்த அற்புதராஜுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. உப்பளங்களுக்கு அப்பால் ஈசிஆர் ரோட்டில் வந்த மஞ்சள் நிறக் காலேஜ் பஸ், ஊருக்குத் திரும்பும் முனையில் வேகம் குறைந்தது. ஆனால் திரும்பவில்லை. சற்று நின்றுவிட்டு நேரே மரக்காணம் பக்கம் போய்விட்டது. திருவிழா முடிந்த மறுநாள் அது. ஊர் இன்னும் தூக்கக் கலக்கத்தில் இருந்தது. கீழே கெபியைச் சுற்றி, காலேஜ் போகும் ஐந்தாறு பெண்கள் பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்களோடு அவர் மகள் சகாயசெல்வியும் நின்றாள்.

"என்னம்மா, உங்க பஸ்சு உள்ள வராம போயிடிச்சே?" என்றார். இறங்கி வந்து டிரைவர் குழந்தைசாமிக்குப் போன் போட்டார். பழகிய ஆள்தான். கோயில் திருவிழாக்களில் அற்புதராஜின் ஒலிபெருக்கிச் சாமான்களை அவன் வண்டியில் ஏற்றிப் போனதுண்டு.

"இனிமே ஊருக்குள்ள வராதுண்ணே. மெயின் ரோட்டுக்கு வந்து ஏறிக்கணுமாம். பொண்ணுங்க பாதுகாப்புக்காகன்னு ஆர்டர் போட்டுட்டாங்க."

"பாதுகாப்புக்காக அந்தக் கருவேலங்காட்டு வழியா நடந்து வரணுமா? என்னப்பா பேசற?"

"என்னைய கேக்காதண்ணே. உம் பொண்ணையே கேளு." போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவர் நிமிர்ந்தபோது மற்றப் பெண்கள் எல்லோரும் சகாயசெல்வியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தாள்.

"என்னாலதாம்பா," என்றாள்.

டிவிஎஸ் ஃபிஃப்டியின் முன்னால் கிடந்த வயர்ச் சுருள்களைக் கூட எடுக்காமல் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். காலேஜில் அப்பாவை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமையே சொன்னதை வீட்டில் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். இருபுறமும் பாத்திகளில் உப்புநீர் அசையாமல் கிடந்தது. வரப்பு முழுக்க வெள்ளைக் குவியல்கள். வண்டி கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் அவர் ஓரங்கட்டப் பார்த்தார். அவள் பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினாள்.

"நிறுத்தாத. ஓட்டிக்கிட்டே இரு. அப்பதான் என்னால சொல்ல முடியும்."

சொன்னாள். பஸ்ஸில் அவளுக்கு வாந்தி வரும், அதனால் முன் சீட்டில்தான் உட்காருவாள். அது வீட்டிலும் தெரிந்ததுதான். பஸ்களுக்கெல்லாம் இன்சார்ஜ் ஆதிமூலம், காலேஜ் தாளாளரின் மச்சான். சாயங்காலம் வழிநெடுகப் பிள்ளைகள் இறங்கி, பின் சீட்டுகளில் ஊர்ப் பெண்கள் மட்டும் மிஞ்சியதும் அவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தான். முதலில் பாஸைக் காட்டு என்றான். பிறகு பாஸ் கேட்கவில்லை. அவள் பையை நடுவில் வைத்தால் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். எழுந்து நின்றால், ஓடுகிற பஸ்ஸில் நிற்கக் கூடாது என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தான். பிடித்த கையை எடுக்கவில்லை. அதற்கு மேலும் அவள் சொன்னாள். அற்புதராஜ் ரோட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். வண்டி ஒருமுறை ஓரத்து மணலில் இறங்கி ஏறியது.

"யாருகிட்ட சொன்ன?"

"அருள்மொழி மேடம்கிட்ட. லேடீஸ் கமிட்டில இருக்காங்க. போன வாரம் சொன்னேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

எதிரே உப்பு ஏற்றிய லாரி ஒன்று வந்து கடந்து போனது.

"சொன்னா நீ காலேஜ நிறுத்திடுவ."

நிறுத்துவேனா என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. ஏனென்றால், அவள் சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். இன்றைக்கே டிசியை வாங்கிவிடுவது. பெரிய முதலியார்சாவடியில் இருக்கும் அத்தை வீட்டில் விட்டு, தையல் கற்றுக்கொள்ளச் சொல்வது. ஒரு வருடத்தில் நல்ல இடமாகப் பார்ப்பது. எல்லாவற்றையும் அவர் மனம் வரிசையாகப் போட்டு முடித்திருந்தது. அவரது மனசு என்ன செய்யும் என்பது அவருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆதிமூலத்துக்கு எவ்வளவு பயந்தாளோ அவ்வளவு தனக்கும் பயந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பிரின்சிபால் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எழுந்து நின்று கும்பிட்டார், நாற்காலியைக் காட்டினார், டீ வரவழைத்தார். ஓரத்து நாற்காலியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பேராசிரியை உட்கார்ந்திருந்தார். அவர்தான் அருள்மொழி.

"உங்க பொண்ணு நல்லா படிக்கிற பொண்ணு சார். லைஃப்ல மேல வரணும். ஒரு பேச்சு வெளிய கெளம்பிடுச்சுன்னா காலேஜுக்கா நஷ்டம்? நாளைக்கு மாப்பிள வீட்டுக்காரன் காலேஜயா விசாரிக்கப் போறான்? இப்ப காலேஜுக்குத் தரம் குடுக்கற ஆய்வுக் குழு வேற வர்ற நேரம். வாபஸ்னு கூட எழுத வேணாம். சரியா புரிஞ்சிக்காம சொல்லிட்டேன்னு ஒரு வரி போதும். நாளைக்கே பஸ் உங்க தெருவுக்குள்ள வரும்."

"அந்த ஆளு சார்?" அற்புதராஜின் குரல் அவருக்கே கேட்காத அளவு சின்னதாக வந்தது.

"அவர வேற ரூட்டுக்கு மாத்திடறோம்."

"அந்த ரூட்ல பொண்ணுங்க ஏற மாட்டாங்களா சார்?" என்று கேட்டாள் சகாயசெல்வி.

பிரின்சிபால் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அற்புதராஜைப் பார்த்து, 'பார்த்தீர்களா' என்பது போலச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத் தானும் லேசாகச் சிரித்துவிட்டதை அற்புதராஜ் உணர்ந்தார். வாயில் டீ இனித்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். செல்வி அவருக்கு முன்னால் நடந்து வகுப்புப் பக்கம் போனாள். போய் வருகிறேன் என்று கூடச் சொல்லவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் அருள்மொழி பின்னாலேயே வந்தார்.

"நான் விசாரிச்சு எழுதி கையெழுத்துப் போட்டுட்டேன். கமிட்டில மத்தவங்க போட மாட்டேங்கறாங்க. இங்கயே காத்திருந்தா இது இங்கயே கெடக்கும் சார். நீங்க நேரா ஸ்டேஷன்ல குடுக்கலாம். கூப்ட்டா நான் வந்து சொல்றேன்."

"உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடப் போவுதும்மா."

"அதான் நானும் யோசிச்சிட்டு இருந்தேன்," என்றார் அவர். "இன்னும் யோசிச்சிட்டுதான் இருக்கேன். நீங்க கூப்புடுங்க."

சாயங்காலம் வீட்டு வாசலில் பாப்பாத்தி வந்து நின்றாள். பக்கத்துத் தெருக்காரி. உப்பளத்தில் உப்பு வாருகிறவள். வேலையிலிருந்து வீட்டுக்குக் கூடப் போகாமல் நேரே வந்திருக்கிறாள். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. அவள் மகள் சங்கீதா புத்தகப் பையோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். அவளும் செல்வியும் ஒரே வகுப்பு.

"அண்ணே, நான் சண்டை போட வரல. அந்த ரோட்டுல தெனம் நான் வேலைக்கிப் போறேன். கருவேலங்காட்டுல உக்காந்துகிட்டு எவனெவனோ குடிக்கிறான். நாளைக்கி மழைக்காலம் வந்தா சாயங்காலமே இருட்டிடும். அதுல எம் பொண்ணு நடந்து வரணுமா? பஸ் இல்லன்னா படிப்பும் வேணாம்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு. ஆறு பொண்ணுங்க படிப்புண்ணே."

அற்புதராஜின் மனைவி பவுலின் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாப்பாத்தி வாங்கினாள், குடிக்கவில்லை.

"நான் தப்பா சொல்லல அண்ணி. அவன் பண்ணது தப்புதான். ஆனா நாமல்லாம் எவ்வளவு தாங்கிக்கிட்டு வந்திருக்கோம்? களத்துல மேஸ்திரி எத்தன பேரப் பாத்திருக்கோம்? ஒதுங்கிப் போயிட்டோம். இன்னும் ஒரு வருஷம். இவளும் ஒதுங்கிப் போயிடக் கூடாதா?"

"வாந்தி வருதுன்னா முன்னாடி ஒக்காருடின்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன்," என்றாள் பவுலின். உள்ளறையில் செல்விக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

அற்புதராஜ் தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். மைக்குக்கு முன்னால் "ஹலோ, செக்" என்பதற்கு மேல் பேசிப் பழக்கமில்லாத மனிதர். மற்றவர்கள் பேசுவதற்கு வயர் இழுத்துக் கொடுப்பதுதான் அவர் தொழில்.

"பாப்பாத்தி, காலையில வரைக்கும் நானும் இதயேதான் நெனச்சேன். இப்பவும் அதத்தான் நெனைக்கிறேன்னு வெச்சிக்கயேன். ஆனா எம் பொண்ணு இத்தன மாசமா எங்கிட்ட சொல்லல. எனக்குப் பயந்துகிட்டு சொல்லல. யாரோ ஒரு மேடம்கிட்ட போயி சொல்லியிருக்கா. அதான் எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குத்திக் காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "உம் பொண்ணு உங்கிட்ட எல்லாம் சொல்றாளா?"

பாப்பாத்தியின் முகம் சுண்டிவிட்டது. "எம் பொண்ண எதுக்குண்ணே இதுல இழுக்கற?" என்று சொம்பை டக்கென்று கீழே வைத்தாள். வேகமாக வெளியே போனவள், கேட்டருகே நின்ற சங்கீதாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் உடனே நகரவில்லை. குனிந்த தலை நிமிராமல் சற்று நின்று, பிறகுதான் நடந்தாள்.

அவர்கள் போன பிறகு அற்புதராஜ் உள்ளறை வாசலுக்குப் போனார். செல்வி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கி ஸ்டேஷனுக்குப் போலாமா?"

அவள் நம்பாமல் பார்த்தாள். "அப்புறம் காலேஜு?"

"காலேஜும் போவ."

"நெசமாவாப்பா?"

"நெசமாதான்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பயமாதான் இருக்குது, செல்வி. எப்படிப் பேசணும்னு கூடத் தெரியல. நீதான் பேசணும்."

மறுநாள் காலை அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கெபி வரை வந்தபோது, மற்றப் பெண்கள் மெயின் ரோட்டுக்கு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். சங்கீதா மட்டும் நடக்காமல் நின்றாள். பக்கத்தில் பாப்பாத்தி வேலைக்குப் போகாமல், விசேஷத்துக்குக் கட்டும் பச்சைச் சேலை கட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்து வாரியிருந்தாள்.

"ஸ்டேஷனுக்குத்தானே?"

"ஆமா."

"ராத்திரி இவகிட்ட கேட்டேண்ணே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் சொல்ல வராமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உப்பளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்வி இறங்கிப் போய் சங்கீதாவின் அருகில் நின்றாள். "நீயுமாடி?" என்று கேட்பது போலச் செல்வி பார்த்தாள். சங்கீதா தன் செருப்பைப் பார்த்தாள்.

வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு நால்வரும் நடந்தார்கள். பாத்திகளில் வேலையாய் இருந்த பெண்கள் பாப்பாத்தியின் பச்சைச் சேலையைப் பார்த்து, கையிலிருந்த உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்கள். "என்னடி, கல்யாணமா?" என்று யாரோ கேட்டார்கள். பாப்பாத்தி கையை மட்டும் ஆட்டினாள்.

முனைக்கு வரவும் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. முன்னால் போன பெண்கள் ஏறினார்கள். படியில் தொங்கியபடி ஆதிமூலம் நின்றான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். அற்புதராஜ் நினைத்துவைத்திருந்ததை விடச் சாதாரணமான ஆள்.

"ஏறுங்கம்மா, டைம் ஆவுது," என்றான். பிறகு அற்புதராஜைப் பார்த்து, "என்ன சார், பிரின்சிபால்கிட்ட பேசிட்டீங்களா?"

அவனை அடிக்க வேண்டும் என்று அற்புதராஜ் ராத்திரியெல்லாம் நினைத்திருந்தார். இப்போது கை தூக்கக் கூட வரவில்லை.

"பேசத்தான் போறோம்," என்றார்.

அவர்கள் யாரும் ஏறவில்லை. டிரைவர் சீட்டிலிருந்து குழந்தைசாமி எட்டிப் பார்த்தான். கதவைச் சாத்தாமலேயே பஸ் நகர்ந்தது. ஷேர் ஆட்டோ ஒன்று வந்ததும் கை காட்டி ஏறினார்கள். ஆட்டோவில் போகும்போதே அற்புதராஜ் அருள்மொழிக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வகுப்பில் இருக்கலாம் என்றாள் செல்வி.

ஸ்டேஷனில் ஏட்டம்மா ஒருவர் இருந்தார். விஷயத்தை அற்புதராஜ் தட்டுத்தடுமாறி ஆரம்பித்ததும் கையமர்த்தினார். "பொண்ணுங்க சொல்லட்டும். பெரியவங்க கொஞ்சம் வெளிய இருங்க."

வெளியே படிக்கட்டில் பாப்பாத்தி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அற்புதராஜ் ஜன்னலோரம் நின்றார். உள்ளே பெஞ்சில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தது கம்பிகளின் ஊடே தெரிந்தது. தார்ப்பாய் மூடிய உப்பு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனதில் பேச்சு எதுவும் கேட்கவில்லை. செல்வியின் உதடு அசைந்தது. ஏட்டம்மா ஏதோ கேட்டார். அவள் யோசித்தாள். பிறகு தனக்கு இந்தப் பக்கம் காலியாக இருந்த பலகையில் உள்ளங்கையைப் பதித்துக் காட்டினாள். காட்டிவிட்டு, அது சரியில்லை என்பது போல, கையைத் தன் பக்கம் இன்னும் நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம். கை அவள் மேலேயே இடிக்கும் வரை நகர்த்தி அங்கே நிறுத்தினாள். பக்கத்தில், அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த சங்கீதா, தலையைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்தாள்.

அற்புதராஜுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. அவர் திருப்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.