சப்பாத்திக்கள்ளிக்கு ஊற்றிய தண்ணீர்

வினிதா ஊரில் கோயில் கொடைக்குக் கிளம்பும்போது, "என் கள்ளியப் பாத்துக்கோடி" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். ஒன்றும் செய்யாதே என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். விளாத்திகுளத்துக் கரிசலில் பிறந்தவளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

தர்ஷினியோ மன்னார்குடிக்காரி. வாடின எதற்கும் தண்ணீர், வாடாததற்கும் தண்ணீர் என்று வளர்ந்தவள். இருவரும் ஒரே கம்பெனியில் வேலை, பாகலூரில் ஒரே மாடி அறை. வாசலில் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் அந்தச் சப்பாத்திக்கள்ளி. வீட்டில் முள்ளுச்செடி இருந்தால் சண்டை வரும் என்பார்கள். இவர்களுக்குள் வந்த சண்டையெல்லாம் ஃபேனைக் கூட்டுவதா குறைப்பதா என்பதோடு சரி.

போன மழைக்காலத்தில் தர்ஷினிக்கு டெங்கு வந்தது. வினிதாதான் லீவு போட்டு, ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்து, கஞ்சி ஊட்டி, அவளை எழுப்பி உட்கார வைத்தாள். பெற்ற தாய் வந்து சேருமுன் தாயாக நின்றவள். அவளுக்கு என்ன செய்தால் அந்தக் கடன் தீரும் என்று தர்ஷினிக்கு விளங்கவே இல்லை. இப்போதுதான் ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. விடுவாளா? ஷிப்டுக்குப் போகும்போது ஒரு சொம்பு, வந்ததும் ஒரு சொம்பு. வெயில் அதிகமென்றால் நடுவில் இன்னொன்று.

வாளியின் அடியில் ஓட்டையே இல்லை. அடிமடல் மஞ்சளித்தது. தாகமாக்கும் என்று இன்னும் ஊற்றினாள். ஒருநாள் செடி ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. தொட்டால் அழுகின வெள்ளரிக்காய். நாற்றம் கீழ்வீடு வரை போனது.

கீழ்வீட்டுச் சுஜாதா, வீட்டுக்காரரின் மருமகள், எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ சிவனே! இதென்னா நெல்லு நாத்தா? இப்பிடி தண்ணி கட்டி வெச்சிருக்கே!"

"செத்துப் போச்சாக்கா?"

"அடி போச்சு. மேல நல்லா இருக்கறத அறுத்து எடு. நெழல்ல போட்டு அறுத்த எடம் காயட்டும். அப்புறமாத்தான் நடணும். அதுவரைக்கும் சொட்டுத் தண்ணி காட்டாதே."

தர்ஷினி இடுக்கியால் பிடித்துப் பிடித்து அறுத்தாள். கண்ணுக்குத் தெரியாத பூமுள் விரலெல்லாம் ஏறியது. ஆறு மடல்கள் தேறின. நியூஸ்பேப்பர் விரித்துக் கட்டிலடியில் கிடத்தினாள். அன்று வினிதா போனில் கேட்டாள், கள்ளி எப்படி இருக்கு என்று. "ஜம்முன்னு இருக்குக்கா" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு, தலையணையில் முகம் புதைத்து அழுதாள். உயிரைக் கொடுத்தவள் ஒரு செடியைக் கொடுத்துவிட்டுப் போனாள், அதைக் கூடக் காப்பாற்றத் துப்பில்லை.

மடல்கள் சுருங்கிச் சுருங்கிக் கிடந்தன. சொம்பை எடுக்கப் போகும் கையை அவளே அடக்கிக்கொண்டாள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வினிதா லீவை நீட்டிக்கொண்டே போய், ஒருவழியாக வந்து சேர்ந்தாள். வாசலில் வாளி காலி. அவள் பையைக் கீழே வைக்குமுன் தர்ஷினி உண்மையைக் கொட்டிவிட்டாள்.

"கொன்னுட்டேங்க்கா. தண்ணி ஊத்தியே கொன்னுட்டேன். போன்ல சொன்னது பொய்."

வினிதா குனிந்து கட்டிலடியில் பார்த்தாள். ஒரு மடலை இடுக்கியால் எடுத்துத் திருப்பினாள். அறுத்த இடம் காய்ந்து கெட்டியாகி, ஓரத்தில் நூல்போல வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது.

"எங்கடி கொன்ன? ஒண்ண ஆறாக்கி வச்சிருக்க. நானே வாளிய எப்படி பஸ்சுல ஏத்தன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டு வாரேன்."

"எதுக்குக்கா பஸ்சுல?"

"கல்யாணம் நிச்சயமாயிருச்சு. மாசக் கடைசியோட வேலைய விடுதேன்."

தர்ஷினிக்குச் சந்தோஷமும் அழுகையும் ஒன்றாய் முட்டின. வினிதா இரண்டு மடல்களைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு மீதி நான்கையும் தள்ளினாள்.

"இது உனக்கு."

"எங்கிட்டயா? திரும்பவுமா?"

"இத்தன நாளு சொட்டுத் தண்ணி ஊத்தாம இருந்திருக்கல்ல. இனி நீ வளத்திருவ."

இத்தனை மாதமாகச் சொல்லாமலே வைத்திருந்ததைத் தர்ஷினி அப்போதுதான் சொன்னாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க இல்லாட்டி நான் இன்னிக்கு இல்ல."

"தெரியும்டி" என்று தர்ஷினியின் முள் குத்திய விரல்களைப் பிடித்துக்கொண்டாள் வினிதா. "இல்லன்னா ஒரு கள்ளிக்கு எவளாச்சும் அந்த ஊத்து ஊத்துவாளா?"