நாலு வாய் கார்புரேட்டரும் நான்காம் தெருக் காற்றும்

நான்காம் தெருவில் பதினோரு வருடம் காற்று வீசவில்லை. மூன்றாம் தெருவில் வீசியது, ஐந்தாம் தெருவில் சன்னல் கதவுகளை அடித்துச் சாத்துகிற அளவுக்கு வீசியது. நடுவில் இருந்த இந்தத் தெருவில் மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நின்றது, நின்றதுதான். மதில்மேல் வைத்த காகிதம் ஒரு மாதம் கழித்தும் அங்கேயே இருந்தது. ஈரத் துணியை ஆளுக்கொரு முனை பிடித்து உதறி உதறிக் காயவைத்தார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து தெருவின் நீள அகலத்தை அளந்தார். குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் தங்கள் அலுவலகம் பொறுப்பு, காற்று எந்த அலுவலகத்தில் வரும் என்று தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மக்கள் பழகிக்கொண்டார்கள். தலைவாரினால் வாரினபடியே இருக்கும் தெரு என்று பெருமை பேசியவர்களும் உண்டு.

பழக முடியாமல் போனது ஒரே ஒருவருக்குத்தான். தெருவின் நடுவில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டரைச் சரிசெய்யும் கடை வைத்திருந்தவளின் கணவர் அவர். கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். இருபது வருடத்துப் பெயிண்டை மூக்கு வழியாக வாங்கி நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தார். இருமினால் கைக்குட்டையில் ஒரு நாள் மெரூன், ஒரு நாள் வான்நீலம் என்று அந்தந்தக் காலத்தில் ஓடிய கலர் வரும். பழைய வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துத் தங்கள் வண்டியை அடையாளம் கண்டிருக்கிறார்கள். காற்று நின்ற வாரத்திலிருந்து அவரால் படுக்க முடியவில்லை. முதுகு தரையில் பட்டால் மூச்சு அடைத்தது. மின்விசிறி இருந்த காற்றையே திருப்பித் திருப்பி அடித்தது, அது அவருக்குப் போதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணை போட்டு, அதில் நெற்றியை வைத்துத்தான் பதினோரு வருடமும் தூங்கினார். வேறு தெருவுக்குப் போகலாம் என்று மனைவி கெஞ்சியபோதெல்லாம், கடை இங்கே ஊன்றிவிட்டது, தனக்காக அதைப் பிடுங்க வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார்.

அவளை எல்லோரும் ஜெட் அக்கா என்பார்கள். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னப் பித்தளைத் துண்டு. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தே துளையின் அளவைச் சொல்லிவிடுவாள். அவளிடம் முழ நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய் இருந்தது. ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்தால் உள்ளே போகும் காற்றின் சீறல் கேட்கும். எல்லா வாயிலும் ஒரே சீறல் வரும்வரை திருகைத் திருப்புவாள். காலையில் கடை திறக்குமுன் அதே குழாயைக் கணவரின் முதுகில் வைத்துக் கேட்பாள். இடப்பக்கம் எப்போதும் கம்மிதான். இங்கே திருப்புவதற்கு ஒரு திருகு இல்லையே என்று நினைத்துக்கொண்டே கடையைத் திறக்கப் போவாள்.

பதினோராம் வருடத்தில் ஒரு பல் டாக்டர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மலைப் பந்தயத்தில் ஆறு தடவை தோற்ற கார் அது. ஆறு தடவையும் ஜெயித்தவர் டாக்டரின் மச்சான். எந்தக் குடும்ப விருந்தானாலும், டாக்டர் முதல் வாய் எடுத்து வைக்கிற நேரம் பார்த்து மச்சான் அந்தப் பேச்சை ஆரம்பிப்பார். அதற்குமேல் டாக்டருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவனை முந்திவிட்டால் போதும், அப்புறம் காரில் கோழி வளர்த்தாலும் தனக்குக் கவலையில்லை என்றார்.

காரில் இருந்தது ரோட்டரி எஞ்சின். அதில் மேலும் கீழும் போகிற பிஸ்டன் கிடையாது, வால்வும் கிடையாது. மூன்று மூலை கொண்ட ஓர் இரும்புத் துண்டு ஒரு கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற சுற்றில் சுவரில் இருக்கும் வாசல் வழியாகக் காற்றையும் பெட்ரோலையும் இழுத்துக்கொள்ளும். வாசல் எவ்வளவு பெரிது, வழி எவ்வளவு நேர் என்பதில்தான் அதன் பலமெல்லாம் இருக்கிறது. அக்கா பழைய இரண்டு வாய் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு நாலு வாய் உள்ளதைப் பொருத்த முடிவு செய்தாள். அதற்குத் தோதாக, கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டை அறுத்து, வளைவைக் குறைத்து, மறுபடி பற்றவைத்தாள். மேனிஃபோல்டும் எஞ்சினும் சேருமிடத்தில் நகக்கண் உயரத்துக்கு ஒரு படி இருந்தது. காற்று அதில் தடுக்கி விழுந்துகொண்டிருந்தது. அவளுடைய அரம் எதுவும் அந்த வளைவுக்குள் போகவில்லை. டாக்டர் கிளினிக்கிலிருந்து பல் குடைகிற மெஷினையும் வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடியையும் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துப் பார்த்து, கடைவாய்ப் பல்லைத் திருத்துவதுபோல அந்தப் படியைத் திருத்தினாள். பளபளவென்று மட்டும் விடவில்லை. சுவர் ரொம்ப வழுவழுப்பானால் பெட்ரோல் காற்றோடு கலக்காமல் முத்து முத்தாக ஒட்டிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் சொரசொரப்பு வைத்தாள். மூன்று மாதம் வேலை ஓடியது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர் பெயிண்டர்தான். இந்த வாசலைத் திறக்கிற கையால் அந்த நெஞ்சைத் திறக்க முடியவில்லையே என்று அவள் நினைக்காத நாளில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எஞ்சினை முடுக்கினாள். புகை கணவருக்கு ஆகாதென்று நீண்ட குழாய் மாட்டிப் பின்சந்துக்கு விட்டிருந்தாள். முதலில் பெயிண்டரின் மடியில் இருந்த செய்தித்தாள் எழுந்து காரின் பக்கம் போனது. பிறகு எதிர்வீட்டுக் கொடியில் ஒரு சட்டை கையசைத்தது. அதன்பின் தெருமுனையைச் சுற்றிக்கொண்டு காற்று வந்தது. மூன்றாம் தெருக் காற்று, அங்குள்ள பேக்கரியின் வாசனை அதில் அப்படியே இருந்தது. ஜனங்கள் வெளியே வந்து முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பெயிண்டர் ஒரு மூச்சு இழுத்தார், அது போய்க்கொண்டே இருந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி, கடையின் சிமெண்ட் தரையில் மல்லாக்கப் படுத்து, அரை மணி நேரம் தூங்கினார். எஞ்சினை நிறுத்தியதும் காற்றும் நின்றது; அவர் எழுந்து உட்கார்ந்தார்.

அன்று மாலை டாக்டர் வந்து கேட்டபோது, ஜெட் இன்னும் சரியாக அமையவில்லை என்று அக்கா சொன்னாள். தொழிலில் அவள் சொன்ன முதல் பொய் அது. அடுத்த வாரமும் அதையே சொன்னாள், அதற்கடுத்த வாரமும். தினமும் ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை எஞ்சின் ஓடியது, அவர் படுத்துத் தூங்கினார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அரை மணி நேரம் தங்கள் தெருவில் இலை அசைவதில்லை என்று பேக்கரிக்காரர் சண்டைக்கு வந்தார். தரையில் கிடந்தவரைப் பார்த்ததும் குரலை இறக்கி, அரை மணி தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனார்.

பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது டாக்டர் காலையிலேயே வந்துவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பெயிண்டர் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து நின்றாள்.

"டாக்டர், ஜெட் முதல் நாளே சரியாயிடுச்சு," என்றாள். "நான்தான் பொய் சொன்னேன்."

"தெரியும்க்கா. தினமும் முப்பது பேர் என் முன்னாடி வாயைத் திறக்கிறாங்க. எது வலி, எது சாக்குன்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஞாயித்துக்கிழமை வண்டி எனக்கு வேணும்."

அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. பொறுத்துக்கொண்ட இத்தனை வாரத்துக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. கணவர் இரண்டு நாளும் காரைத் துடைத்துத் துடைத்து மினுக்கினார். ஞாயிறு காலை டாக்டர் காரை எடுத்தபோது காற்றும் கூடவே கிளம்பியது. கொடியில் கிடந்த துணி, குழந்தைகளின் காகிதம், ஒருவருடைய தொப்பி எல்லாம் தெருமுனைவரை பின்னாலேயே ஓடி, முனையில் விழுந்தன. பெயிண்டர் நாற்காலியைத் தட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்கா ஓர் அட்டையை எடுத்து விசிறத் தொடங்கினாள், சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. டாக்டர் இரண்டாவது கியரில், நடைவண்டிபோல, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடியே ஓட்டிவந்தார். பின்னால் வந்தது மூன்றாம் தெருக் காற்றில்லை. சில்லென்று, நனைந்த பாறை வாசனையோடு வேறொரு காற்று. அவர் சொன்னது இதுதான்: மலையுச்சிக்கு அவர் கார்தான் முதலில் போய்ச் சேர்ந்தது, மச்சானுக்கு எட்டுக் கார் நீளம் முன்னால். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே இவ்வளவு காற்று ஒரு வேலையும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதை இவர் பார்த்தார். பானெட்டைத் திறந்துவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, காற்று காரோடு பழகும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தார். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நின்று, அது வந்து சேர்ந்தபின் கிளம்பினார். பரிசு கொடுக்கிற நேரத்தில் மேடையில் இல்லாதவருக்குக் கப்பு கிடையாதாம், மச்சானிடம் கொடுத்துவிட்டார்கள்.

"கப்பு அவன்கிட்டயே இருக்கட்டும்," என்றார் டாக்டர். "என் பின்பக்கத்தை அவன் பார்த்தான்ல, அது போதும்."

பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். வாசல்களில் நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காற்று தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இரண்டு நடை போய்வந்தது, வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தது, அங்கேயே தங்கிவிட்டது. மூன்றாம் தெருவில் எதுவும் குறையவில்லை என்று பேக்கரிக்காரர் ஆளனுப்பிச் சொன்னார்.

பெயிண்டர் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போய்க் கட்டிலில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டு, "குளிருது, ஒரு போர்வை குடு," என்றார். அந்த வீட்டில் பதினோரு வருடமாகப் போர்வை எடுத்ததில்லை. எங்கே வைத்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. அலமாரி, பெட்டி எல்லாவற்றையும் கலைத்துத் தேடி எடுத்தாள். எடுத்தவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதலில் வாசலுக்குத்தான் வந்தாள். டாக்டர் காரைப் பூட்டிக்கொண்டிருந்தார். எப்படி நன்றி சொல்வது என்று இத்தனை வாரமாக அவள் யோசித்து வைத்திருந்தது எதுவும் அப்போது வாயில் வரவில்லை.

"டாக்டர்," என்றாள், "அவருக்குக் குளிருதாம்."

டாக்டர் சரி என்று தலையாட்டினார். அவள் உள்ளே போய்க் கணவரின் கழுத்துவரை போர்த்திவிட்டாள். அதற்குப் பிறகு அவர் பத்தொன்பது வருடம் இருந்தார், படுத்துத்தான் தூங்கினார்.