முதல் விருந்துக்குச் சைபர்

தேசிய அறுவடைத் திருநாள் வந்த கதையை ஐந்தாம் வகுப்புப் பாடமாக எழுதியவர் சாட்சாத் நம்முடைய பாடநூல்காரர்தான். கப்பலில் வந்திறங்கிய முன்னோர்கள் பசியில் துடித்தார்களாம். ஆற்றங்கரை மக்கள் சிரித்த முகத்தோடு தானியம் தந்தார்களாம். பிறகு இரண்டு கூட்டமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டதாம். ஒரே பந்தி என்பது பாடநூல் குழுத் தலைவரின் யோசனை. சிரிப்பு மேலிடத்து உத்தரவு. படத்தில் ஒரு கிழவர் மட்டும் உம்மென்று இருக்கிறார் என்று ஓவியரை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்பது பாடநூல்காரருக்குத் தெரியாதா என்ன! அந்தக் கப்பல் தலைவனின் நாட்குறிப்பை ஆவணக் காப்பகத்தில் தும்மித் தும்மிப் படித்தவர் அவர். ஆற்றங்கரை மக்கள் விதைக்கென்று வைத்திருந்த தானியத்தை முன்னோர்கள் களஞ்சியத்தை உடைத்து அள்ளி வந்தார்கள். அதைத்தான் விருந்தாகச் சமைத்துத் தின்றார்கள். விதையைப் பறிகொடுத்தவர்கள் அடுத்த வருஷம் பட்டினி கிடந்தார்கள்.

இதை வெளியே சொன்னால் அவர் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். ஆனால் மனுஷன் எத்தனை நாள்தான் மென்று விழுங்குவார்? ஒருநாள் சாப்பிடும்போது ஐந்தாவது படிக்கும் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லத்தான் மறந்துபோனார். அவள் பரீட்சையில் அதை அப்படியே எழுதிவைத்தாள். பத்துக்குச் சைபர்.

மகளையும் கூட்டிக்கொண்டு, வரிந்துகட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

"என்ன டீச்சர் இது? ஒரு பக்கம் எழுதின புள்ளைக்கு அரை மார்க்கு கூடவா இல்ல?"

"புத்தகத்துல இருக்கறத எழுதினாத்தானே சார் மார்க்கு? திருட்டுக் கதை எழுதியிருக்கா. கேட்டா எங்கப்பா சொன்னாருங்கறா." டீச்சர் பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க பேருதானே? நீங்க எழுதினது சரியா, அவ எழுதினது சரியா? வாயத் தொறந்து சொல்லுங்க, இப்பவே மார்க்கு போடறேன்."

மனுஷனுக்குக் குப்பென்று வியர்த்தது. மகளுக்கோ துளியும் கவலை இல்லை. அப்பா சொல்லிவிடுவார் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புத்தகம்தான் சரி டீச்சர். குழந்த ஏதோ கனவு கண்டிருக்கா."

அடப் பாவி மனுஷா! பெற்ற பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு சொல்கிற பேச்சா இது?

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது ஒரு ஐஸ்கிரீமோடு போயிருக்கும். வாங்கித் தரட்டுமா என்று கடை வாசலில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். நடுத்தெருவென்றும் பாராமல் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கண்ணு, இந்த உலகத்துலயே அப்பாவுக்கு உன்னத்தான்டா ரொம்பப் பிடிக்கும்."

அவள் அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"இது வீட்டுக்கா அப்பா, பரீட்சைக்கா?"