இடது பக்கத்துச் சைலன்சர்

மனைவி காந்திமதி இறந்த பிறகு என் யெஸ்டி மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் நான் யாரையும் ஏற்றவில்லை. அலுவலகத்தில் யாராவது பல்லாவரம் வரை வருகிறேன் என்றால், பின்சீட்டில் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்று சொல்வேன். ஒரு வருடமாக அதே ஸ்பிரிங்தான் உடைந்திருந்தது. யாரும் மேலே கேட்கவில்லை.

மாமியாரிடமும் அதையே சொன்னேன். கோவிலம்பாக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடப் போவேன். காந்திமதி இருந்தபோது போனோம், அது நிற்கவில்லை. முன்பெல்லாம் அவரை மேடவாக்கம் சந்தைக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவேன். இப்போது என் வண்டி வாசலில் நிற்கும்போதே அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

"ஸ்பிரிங்கு இன்னும் வரலையா தம்பி?" என்று ஒரு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை.

குஜராத்தில் இருக்கும் கட்ச் போகலாம் என்று சொன்னது அப்பாதுரை. காந்திமதியின் அண்ணன். அந்த வீட்டை ஒட்டியே கேட், கிரில் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பட்டறைச் சுவரில் ஒரு டயர் கடைக் காலண்டர். அதில் ஒரு மாதத்துக்குக் கட்ச் பாலைவனத்தின் படம். வெடித்த மண்ணில் காட்டுக் கழுதைகள் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. வருடம் முடிந்தும் அவர் அந்தத் தாளைத் திருப்பவில்லை. மோட்டார் சைக்கிளில் போய் அந்தக் கழுதைகளைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கழுதை பாக்க குரோம்பேட்டை மார்க்கெட்டு பத்தாதா?" என்று காந்திமதி கேட்பாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடையில் ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பாதுரை மறுபடியும் ஆரம்பித்தார்.

"மாப்ள, பொங்கல் முடிஞ்சி கெளம்பலாம். உன் வண்டி ஒண்ணு, என் வண்டி ஒண்ணு. அதுக்குள்ள ரெண்டையும் காட்டு வண்டியா மாத்தணும். பின்சீட்ட எடுத்துட்டு கேரியர் போட்டாத்தான் பெட்ரோலு, தண்ணி, டெண்டு எல்லாம் ஏத்த முடியும். இன்னா சொல்ற?"

சரி என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். வழக்கமாக நான் லீவு இல்லை என்பேன். அவர் சொன்னதில் எனக்குக் கேட்டது ஒன்றுதான். பின்சீட்டை எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு யாருக்கும் ஸ்பிரிங் கதை சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு அப்போது சொந்த வண்டி கிடையாது. பொழிச்சலூரில் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் ஒரு பழைய புல்லட் விலைக்கு இருந்தது. நான் வேண்டாம் என்றேன்.

"மணல்ல கனமான வண்டி ஆகாது மச்சான். விழுந்தா தூக்கணும். ஒரு ஆள் தனியாத் தூக்கற மாதிரி பாருங்க. நூறு சிசில ஏதாவது வாங்கலாம்."

"நூறு சிசில நான் ஏறினா சர்க்கஸ் கரடி மாதிரி இருக்கும். அது போவட்டும், ரெண்டு பேரு போறோம். இன்னாத்துக்குத் தனியாத் தூக்கணும்?"

அவர் புல்லட்டை வாங்கினார்.

வேலை தொடங்கியது. சனிக்கிழமை மாலைகளில் தாம்பரத்திலிருந்து பட்டறைக்குப் போய்விடுவேன். எந்தப் புத்தகத்திலும் பார்த்துச் செய்யவில்லை. மண் சாலையில் என்ன ஆகும் என்று யோசித்து ஒவ்வொன்றாக மாற்றினோம். முன் மட்கார்டைச் சக்கரத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தினோம், சேறு அடைக்காமல் இருக்க. இன்ஜினுக்கு அடியில் கல் படாமல் தகடு. ஹெட்லைட்டுக்கு வலை. புதுப்பேட்டையில் அலைந்து, கட்டை கட்டையாகப் பிடிப்பு உள்ள டயர்கள் வாங்கினோம். செயின் ஓடுகிற முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தேன். வேகம் குறையும், இழுவை கூடும்.

இதெல்லாம் ஒழுங்காக வந்தது. கேரியர்தான் வரவில்லை.

அப்பாதுரை இரும்பை எடுத்தால் ஜன்னல் கிரில்தான் செய்வார். இலேசான குழாயில் செய்யுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் போனபோது சதுரக் கம்பியில் இரண்டு கேரியர்கள் தயாராக இருந்தன. நடுவில் தாமரைப் பூ. ஓரங்களில் சுருள்.

"பூ எதுக்கு மச்சான்?"

"சும்மா மொட்டையா உட்டா நல்லாவா கீது? பட்டறைக்கு ஒரு பேர் கீதுல்ல."

ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கேட்டின் பாதி எடை இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தேன்.

என் நீளமான சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன். ஒரு ஆள் உட்காரும் சின்ன சீட், அதன் பின்னால் தாமரை. பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்க இடது பக்கம் மாட்டியிருந்த சாரி கார்டையும் கழற்றினேன். மாமியார் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது உங்களுக்கு வாணாமா தம்பி?"

"வேண்டாம் அத்தை."

கொல்லையில் அதை மண்ணில் செருகி, பாகற்கொடியை ஏற்றிவிட்டார்.

மிச்சம் இருந்தது லேடீஸ் ஃபுட்ரெஸ்ட். பின்னால் பெண்கள் ஒருக்களித்து உட்காரும்போது கால் வைக்கிற அந்தச் சின்னப் பலகை. இடது சைலன்சருக்கு மேலே இருந்தது. ஸ்பானரைப் போட்டேன். நட்டு துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டேன். அடுத்த வாரமும் எண்ணெய் விட்டேன்.

ஏரி, ஓடை கடக்கும்போது தண்ணீர் புகாமல் இருக்க, யெஸ்டியின் இரண்டு சைலன்சர்களையும் உயர்த்த வேண்டும் என்றார் அப்பாதுரை. வலது பக்கத்தை வளைத்து, பின்சீட் இருந்த உயரத்துக்கு ஏற்றினோம். இடது பக்கத்தை ஏற்ற ஃபுட்ரெஸ்ட் இடித்தது.

"அறுத்துடலாமா?" அவர் கையில் ஹாக்ஸா ரம்பம் இருந்தது.

"இருக்கட்டும். அதுல டூல் பாக்ஸ் கட்டலாம்."

"டூல் பாக்ஸா."

"ஆமா."

அவர் பிளேடைத் துடைத்து ஆணியில் மாட்டினார். இரண்டடி தள்ளி நின்று வண்டியைப் பார்த்தார். வலது சைலன்சர் மேலே, இடது சைலன்சர் கீழே.

"ஒரு பக்கம் மட்டும் வேட்டிய மடிச்சிக் கட்டின மாதிரி கீது மாப்ள" என்றார். அத்தோடு விட்டுவிட்டார்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு காலை இரண்டு வண்டிகளையும் சோதித்துப் பார்க்கக் கிளம்பினோம். கூடுவாஞ்சேரிக்கு மேற்கே ஓர் ஏரி வற்றிக் கிடந்தது. காலண்டரில் இருந்த அதே வெடித்த மண். பயணத்துக்கு ஏற்றுகிற அதே பாரம் வேண்டும் என்று அப்பாதுரை தன் கேரியரில் இரண்டு தண்ணீர் கேன்களும் ஒரு மணல் மூட்டையும் கட்டியிருந்தார். நான் ஒரு மூட்டை மட்டும் கட்டினேன்.

கரையிலிருந்து இறங்கினோம். யெஸ்டி நன்றாகப் போனது. கட்டை டயர் மண்ணைப் பிடித்தது. ஏரியின் நடுவில் திரும்பி அவரைப் பார்த்தேன். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, புல்லட் அதிர அதிர வந்துகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கழுதை எங்கடா?" என்று கத்தினார்.

மதகுக்குப் பக்கத்தில் மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் ஒரு பள்ளம் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. நான் அதைத் தாண்டிவிட்டேன், என் வண்டி இலேசு. புல்லட்டின் பின்சக்கரம் தோலைக் கிழித்ததுபோல் உள்ளே இறங்கியது. தாமரை, கேன்கள், மணல் எல்லாமாகச் சேர்ந்து வண்டியை இடது பக்கம் சாய்த்தன. அவர் கால் அடியில் மாட்டிக்கொண்டது.

ஓடிப்போய்த் தூக்கினேன். அசையவில்லை. மூட்டையை அறுத்துவிட்டு மறுபடி தூக்கினேன். அவர் படுத்தபடியே கையால் தள்ளினார். கால் வெளியே வந்தது. கணுக்கால் பார்க்கப் பார்க்க வீங்கியது.

"ரெண்டு பேரு தேவைப்பட்டுச்சி பாத்தியா" என்றார். முகம் வெளுத்திருந்தது.

ஊன்றி நிற்கப் பார்த்தார். முடியவில்லை. சுற்றிலும் யாரும் இல்லை. ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை இரண்டு மைல் தள்ளி இருந்தது.

"நீ போய் ஆட்டோ இட்டுகினு வா. நான் இங்கயே குந்திகினு இருக்கறேன்."

"ஆட்டோ ஏரிக்குள்ள வராது."

"கரை வரைக்கும் வந்தா தவழ்ந்தாவது வந்துடறேன். உன் வண்டில எங்க குந்தறது? நீதான் சீட்ட எடுத்துட்டியே."

தண்ணீர் கேன் ஒன்றை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். கரை ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன். வெயிலில் அவ்வளவு பெரிய ஏரியில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. அழுதுகொண்டிருந்தார். வலியில் இருக்கலாம்.

வண்டியைத் திருப்பினேன்.

"இன்னாடா வந்துட்ட?"

என் கேரியரில் இருந்த மணல் மூட்டையை அவிழ்த்துக் கீழே போட்டேன். "ஏறுங்க."

"எங்க?"

"கேரியர்ல."

அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். வலது பக்கம் காலைப் போட்டால் உயர்த்திய சைலன்சர் தொடையைப் பொசுக்கிவிடும். வீங்கிய காலைத் தொங்கப் போடவும் முடியாது. உட்கார ஒரே வழிதான் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"மீசை வச்சிகினு நான் எப்படிடா ஒருக்களிச்சிக் குந்தறது?"

"ஏறுங்க மச்சான்."

என் தோளைப் பிடித்து, தாமரைப் பூவின் மேல் ஒருக்களித்து உட்கார்ந்தார். இரண்டு கால்களையும் ஃபுட்ரெஸ்டில் வைத்தார். வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. அந்த அமுங்கல் எனக்குப் பழக்கமானது. முன்பு அவர் எடையில் பாதிக்கு அமுங்கும், அவ்வளவுதான்.

கிளட்சை மெதுவாக விட்டேன். முன்னால் ஒரு வெடிப்பு வந்தது.

"பள்ளம்" என்றேன்.

அவர் கை என் தோளை இறுக்கியது. வண்டி ஏறி இறங்கியது.

"பள்ளம்."

மறுபடி இறுக்கியது. பள்ளம் வருவதற்கு முன் சொல்வது என் வழக்கம். காந்திமதிக்கு முதுகு வலி இருந்தது. கரை ஏறி, ஊர்ச் சாலை பிடிக்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

"பாப்பாக்கு இப்படித்தான் சொல்லுவியா?" என்று கேட்டார். தங்கையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஆமா."

"சரி சொல்லு. எனக்கும் பூ குத்துது."

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வண்டலூர் பூங்காவுக்கு வந்த பஸ்களிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சேறு பூசிய, பெரிய மீசை வைத்த, நூறு கிலோ ஆள் ஒருக்களித்து உட்கார்ந்து, விழாமல் இருக்க என் இடுப்பைச் சுற்றிக் கை போட்டிருந்தார். பெருங்களத்தூரில் ஒரு லாரி கிளீனர் கதவைத் தட்டிக்கொண்டே கேட்டான்.

"இன்னா அண்ணாத்த, பொண்ண எங்கேர்ந்து இட்டாற?"

"மாமியார் வூட்லேர்ந்துடா" என்று அப்பாதுரை திருப்பிச் சொன்னார்.

நான் சிரித்தேன். ஹேண்டில் ஆடியது. "நேராப் பார்த்து ஓட்டு" என்று முதுகில் அடித்தார்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்திருக்கிறது என்று மாவுக்கட்டு போட்டார்கள். கட்டோடு அவரை அதே வண்டியில், அதே மாதிரி உட்கார வைத்துக் கோவிலம்பாக்கம் கொண்டுபோனேன். கேரியரில் ஆஸ்பத்திரித் தலையணை ஒன்றைக் கட்டியிருந்தோம். மாமியார் வாசலில் நின்றார். மகனின் காலைப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை போல.

"ஸ்பிரிங்கு வந்துடிச்சா தம்பி?" என்றார்.

"வந்துடுச்சு அத்தை."

புல்லட்டை மறுநாள் ஆள் வைத்து மீட்டோம். முன் ஃபோர்க் வளைந்திருந்தது. கட்டுப் பிரிக்கும்வரை ஒவ்வொரு வாரமும் நான்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தலையணை போதவில்லை. இரண்டாவது வாரம் பரணிலிருந்து நீளச் சீட்டை இறக்கித் தூசி தட்டினேன். தாமரையைக் கழற்றிவிட்டு மாட்டினேன். கழற்றிய கேரியரை அவர் வீணாக்கவில்லை. பட்டறை ஜன்னலில் கிரிலாக வைத்து வெல்டிங் செய்தார். பொருத்தமாகத்தான் இருந்தது.

கட்டுப் பிரித்த ஞாயிறு, சாப்பிட்டு முடித்து வாசலில் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புல்லட்ட வித்துடறேன்" என்றார் அப்பாதுரை. "கட்ச் வாணாம்னு சொல்லுவ. சரி. கழுதைங்க எங்கயும் ஓடிப் போவாது."

"ஒரு வண்டியில போகலாம்."

"ரெண்டு பேருமா?"

"சாமானைக் குறைச்சுக்கலாம். டெண்ட் வேண்டாம். லாட்ஜ், சத்திரம் எங்கயாவது படுத்துக்கலாம். பக்கவாட்டுல ரெண்டு கான்வாஸ் பை. பின் ஷாக் அப்சார்பரை மட்டும் கொஞ்சம் கெட்டியாப் போடணும். விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கிடலாம்."

அவர் கைலியை இழுத்துவிட்டுக்கொண்டு காலைத் தடவினார்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமியார் எழுந்து உள்ளே போனார். கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் சாரி கார்டு இருந்தது. கம்பியில் பாகற்கொடியின் சுருள்கள் அப்படியே சுற்றியிருந்தன. அடியில் மண்.

"கொடி நல்லாக் காய்ச்சிகினு இருந்துச்சே அத்தை."

"வேற குச்சி நட்டுக்கறேன். இத்த மாட்டுங்க. இவன் கைலியக் கட்டிகினுதான் குந்துவான். சக்கரத்துல மாட்டிகினு அந்தக் காலையும் ஒடைச்சிக்குவான்."

நான் ஸ்பானரை எடுத்தேன். அப்பாதுரை நிமிர்ந்து பட்டறைக் காலண்டர் பக்கம் பார்த்தார்.

"சாரி கார்டு மாட்டிகினு போய் நின்னா அந்தக் கழுதைங்க இன்னா மாப்ள நெனைக்கும்?"

"ஃபேமிலி வண்டின்னு நெனைக்கும்" என்றேன். "நட்டைப் பிடிங்க."