இறுக்கக் கட்சி

அந்த மார்ச் மாதத்தில் எங்கள் ஊரில் இரண்டு மதங்கள் இருந்தன. ஒன்று, ஞாயிறுதோறும் லூத்தரன் தேவாலயத்தில் நடந்தது. மற்றொன்று, மீதி ஆறு நாளும் வெர்லின் ஹாஃப்ஸ்டாடின் வாயிலிருந்து வந்தது. முதல் மதத்தில் சந்தேகப்பட்டவனுக்கு மன்னிப்பு உண்டு. இரண்டாவதில் அதுவும் கிடையாது.

வெர்லினின் வேதம் ஒரே வரிதான்: "இறுக்கமாப் போடு, பெருசாப் போடு." ரவைத் துப்பாக்கியின் குழல் வாயில் திருகிப் பொருத்தும் விரல் நீள எஃகுக் குழாய்க்கு சோக் என்று பெயர். அதன் வாய் குறுகினால் ரவைகள் நெருங்கிப் பாயும், அகன்றால் விரிந்து பரவும் என்பது பால பாடம். ஆகவே இருப்பதிலேயே இறுக்கமான சோக்கைப் பூட்டி, இருப்பதிலேயே பருத்த ரவை அடைத்த தோட்டாவை ஏற்றிவிட்டால் கயோட்டியின் கதை முடிந்தது என்றார் அவர். கயோட்டி நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி, செம்மறிக் குட்டிக்கு எமன். ஊர் வேட்டைச் சங்கத்தின் தலைவரே சொன்ன பிறகு மறு பேச்சு ஏது? பன்னிரண்டு வீட்டார், பன்னிரண்டு இறுக்கமான சோக்குகளை முந்தைய அக்டோபரில் ஒரே நாளில் தபாலில் வரவழைத்தோம். ஒருவராவது ஒரு தாளை விரித்து, அதில் ஒரு தோட்டா சுட்டுப் பார்த்தோமா? இல்லை. தாலி கட்டிய பிறகு தங்கத்தை உரசிப் பார்ப்பவன் உண்டா?

நானும் அந்த இறுக்கக் கட்சியின் உறுப்பினன்தான். பெயர் ஆரின் ஸ்கார். தெற்கு டகோட்டாவின் வடமேற்கு மூலையில் மாடு வளர்ப்பவன். என் மனைவி மார்லிஸ் செம்மறி வளர்ப்பவள். ஒரே நிலம், ஒரே அடுப்பு, இரண்டு அரசாங்கம். தாயிழந்த நான்கு குட்டிகளுக்குச் சமையலறையில் வைத்துப் புட்டிப்பால் ஊட்டித் தொடங்கிய மந்தையை, இருபத்திரண்டு ஆண்டுகளில் நூற்று நாற்பதாகப் பெருக்கியவள் அவள்.

பிப்ரவரி தொடங்கி மார்ச் இரண்டாம் வாரத்துக்குள் பதினொரு குட்டிகள் போயின. எல்லாம் ஒரே கயோட்டியின் வேலை. இடக் காது கிழிந்த ஆண். மூன்று விடியற்காலைகள் நான் துப்பாக்கியோடு ஓடைப் பள்ளத்தில் காத்துக் கிடந்தேன். மூன்று முறையும் வீடு திரும்பி ஒரே சொல்லைச் சொன்னேன்.

"வரல."

மார்லிஸ் நம்பினாள். "வராத மிருகத்த யாரு சுட முடியும்?" என்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சின் மீது ஏறி நின்று நான் தீர்ப்பு வாசித்தேன்: இனி செம்மறி வேண்டாம், அந்தப் புல்லை என் மாடுகள் மேயட்டும். கடைசியில் இருவரும் பேசி, வெள்ளிக்கிழமைக்குள் கயோட்டி சாகாவிட்டால் மந்தை முழுவதையும் ஏலச் சந்தைக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. லாரிக்காரன் லெஸ்டருக்கும் சொல்லி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை, என் தட்டில் முட்டைக்குப் பக்கத்தில் மூன்று வெற்றுத் தோட்டாக்கள் இருந்தன.

"உன் பிக்கப் வண்டியக் கூட்டினேன்" என்றாள் மார்லிஸ். "வராத கயோட்டிய மூணு தடவ சுட்டிருக்க போலிருக்கே?"

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். "அது வந்து..."

"எவ்வளவு தூரம்?"

"நாப்பது கஜம்."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும். நின்னு என்னையே பாத்துச்சு. சுட்டேன். கொட்டாவி விட்டுட்டுப் போச்சு."

நான் இடியை எதிர்பார்த்தேன். அவளோ வெற்றுத் தோட்டா ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். "ஆரின், பத்து வயசுலேருந்து பறக்குற வாத்த அடிக்கிறவன் நீ. நிக்கிற கயோட்டிய நாப்பது கஜத்துல மூணு தடவ விடுற ஆளு இல்ல. நீ பொய்யன், சரி. ஆனா குறி தப்புறவன் இல்ல. அப்ப தப்பு வேற எங்கயோ இருக்கு."

திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"பழைய சோக்கெல்லாம் எங்க?"

"பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்கிட்ட குடுத்துட்டேன். அவனும் இதே துப்பாக்கிதான் வச்சிருக்கான்."

"நல்லதாப் போச்சு. இன்னைக்கு ஊர்க்கூட்டம். அவன எடுத்துட்டு வரச் சொல்லு."

எங்கள் ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது. சாலைக்குச் சரளை போடுவதா, உடைந்த மதகைக் கட்டுவதா என்று இரண்டு மணி நேரம் வாதாடி, இரண்டையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு, கூக்கன் என்னும் ஜெர்மன் கேக்கைத் தின்று கலைவோம். அன்றும் அப்படித்தான் கலைய இருந்தோம். மார்லிஸ் எழுந்து நின்றாள். கையில் இறைச்சி சுற்றும் வெள்ளைக் காகிதச் சுருள்.

"வெளியில எல்லாரும் வாங்க. ஆளாளுக்குத் துப்பாக்கி வண்டியிலதான் இருக்கும். நாப்பது கஜத்துல இந்தத் தாளச் சுட்டு, விழுந்த ஓட்டைய எண்ணிப் பாக்கலாம்."

வெர்லின் சிரித்தார். ஆறடி இரண்டு அங்குலச் சிரிப்பு. "அம்மணி, உன் குட்டிய இந்தத் தாளா தின்னுச்சு?"

"தாளு தின்னல வெர்லின். ஆனா கயோட்டி ஓடிப் போயிடும், சாட்சி சொல்லாது. தாளு ஓடாது."

"முப்பது வருசமா வேட்டையாடுறவன் நான். என் துப்பாக்கிய நீ சந்தேகப்படுறியா?"

"உங்க துப்பாக்கிய இல்ல. எங்க வீட்டுத் துப்பாக்கியத்தான். உங்களுக்குப் பயமா இருந்தா உள்ளயே உக்காந்து கேக் சாப்பிடுங்க."

அதற்குப் பிறகு உள்ளே உட்கார எந்த ஆண்மகனால் முடியும்? கேக் தட்டும் கையுமாக ஊரே வெளியேறியது.

கூட்டம் நடந்த கூடத்துக்குப் பின்னால், குன்றின் சரிவில் ஒரு பலகையைச் சாய்த்து, மார்லிஸ் தாளை ஆணியடித்தாள். ஆட்டுக்கு அடையாளமிடும் சிவப்புச் சுண்ணக்கட்டியால் ஒரு கயோட்டியை வரைந்தாள். அதைச் சுற்றி முப்பது அங்குல வட்டம் போட்டாள்.

"இது கயோட்டியா, கால் முளச்ச உருளக்கிழங்கா?" என்றார் வெர்லின். ஊர் சிரித்தது. மார்லிஸும் சிரித்துவிட்டு, நாற்பது கஜம் எண்ணி நடந்து, திரும்பிச் சுட்டாள். இறுக்கமான சோக், பருத்த ரவை, தோட்டாவுக்கு நாற்பத்தொன்று.

தாளைச் சுற்றிக் கூடினோம். தாளின் ஓரங்களில் ரவை மழை. வட்டத்துக்குள் பதின்மூன்று ஓட்டைகள். சிவப்புக் கயோட்டியின் உடம்பில் ஒன்று, அதுவும் வாலில்.

"கை நடுங்கிருக்கும்" என்றார் வெர்லின்.

"சரி, நீங்க சுடுங்க."

புதுத் தாள் ஏறியது, அதிலும் அதே சிவப்புக் கயோட்டி, அதே வட்டம். வெர்லின் தம் சொந்தத் துப்பாக்கியைச் சட்டைக் கையால் துடைத்து, ஊர் மூச்சடக்கி நிற்க, சுட்டார். வட்டத்துக்குள் ஒன்பது. சிவப்பு மிருகத்தின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. நடுவில் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைக்கலாம். அவ்வளவு இடம் ஓட்டையே இல்லாமல் கிடந்தது.

நண்பர்களே, மூடநம்பிக்கை எதைத் தின்று கொழுக்கிறது என்பதை நான் அன்று கண்டேன். அது முட்டாள்களைத் தின்று கொழுப்பதில்லை. வெட்கப்படுகிறவர்களைத் தின்று கொழுக்கிறது. அந்தக் காகிதத்தின் முன்னால் பன்னிரண்டு ஆண்கள் தங்கள் காலணிகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வாய் திறந்தவன் டெல்பர்ட்.

"நான் ஏழு" என்றான்.

"என்ன ஏழு?"

"நவம்பர்லேருந்து ஏழு கயோட்டிய விட்டுட்டேன். கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சு ஊருக்குத் தெரியாம கண்ணாடி வேற மாத்தினேன்."

"எனக்கு நாலு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நான் சோக்க மாத்தின நாள்லேருந்து ஒண்ணுகூட விழல" என்றது மற்றொன்று. ஒவ்வொருவரும் குறி தவறியது தான் மட்டுமே என்று நம்பி, தவறவே இல்லாத ஊரில் தவறிய ஒரே பாவியாக வாழ்ந்திருக்கிறோம்! நான் மட்டும் ஒரு படி மேலே போய், என் தோல்விக்கு என் மனைவியின் ஆடுகளைத் தூக்கில் போட முனைந்திருந்தேன். அதை ஊர் கேட்கச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"எனக்கு மூணு" என்றேன். "வரலன்னு பொய் சொல்லி, அவ மந்தைய விக்க லாரிக்கும் சொல்லிட்டேன்."

"அடப்பாவி" என்றான் டெல்பர்ட், ஏழு கயோட்டியைத் தவறவிட்ட உத்தமன்.

எல்லார் கண்ணும் வெர்லின் பக்கம் திரும்பியது. அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்தார்.

"அக்டோபர்லேருந்து" என்றார் கடைசியில். "நானும் ஒண்ணும் அடிக்கல. என் வேலியில தொங்குற கயோட்டித் தோலெல்லாம் அதுக்கும் முன்னாடி அடிச்சது."

யாரும் சிரிக்கவில்லை. மார்லிஸ்தான் அவர் கையில் புதிய காப்பிக் கோப்பையைக் கொடுத்தாள்.

டெல்பர்ட் கொண்டுவந்த தகர டப்பாவிலிருந்து பழைய சோக்குகளை எடுத்து, தளர்ந்ததிலிருந்து இறுக்கமானது வரை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சுட்டோம். நடுத்தரத்தைவிடச் சற்றே தளர்ந்த சோக்கில், அதே பருத்த ரவைத் தோட்டா முப்பத்துமூன்று ஓட்டைகளை வட்டத்துக்குள் சீராக விதைத்தது. உருளைக்கிழங்கின் உடம்பில் மட்டும் பத்து.

"அதே தோட்டாதானே? எப்படி?" என்றான் டெல்பர்ட்.

"குறுகலான சந்துல நாப்பத்தோரு காளைய ஒண்ணா வெரட்டிப் பாரு" என்றாள் மார்லிஸ். "ஒண்ண ஒண்ணு இடிச்சு, நசுங்கி, வெளிய வந்ததும் ஆளுக்கொரு திக்கா ஓடும். ஈயமும் அப்படித்தான்."

"அப்ப எல்லாரும் தளர்த்திடுவோம்! இறுக்கம் ஒழிக!"

"நில்லுடா" என்று அவள் அவன் கையைப் பிடித்தாள். சிறு ரவை அடைத்த தோட்டா ஒன்றை எடுத்து, மீண்டும் அந்த இறுக்கமான சோக்கைப் பூட்டிச் சுட்டாள். ரவைகள் ஒரு தட்டின் அகலத்தில் திரண்டு விழுந்திருந்தன. "பாத்தியா? குட்டிங்கன்னா அதே சந்துல ஒழுங்காப் போகும். ஆனா இந்தச் சின்ன ரவ நாப்பது கஜத்துல கயோட்டி மயிரத் தாண்டி உள்ள போகாது. அதான் எனக்குப் பெருசு வேணும், பெருசுக்குத் தளர்ந்தது வேணும். இது என் துப்பாக்கி சொன்னது. உன் துப்பாக்கி என்ன சொல்லுதுன்னு உன் தாளக் கேளு."

ஒரு வேதத்தைக் கவிழ்த்தவுடன் அடுத்த வேதத்தை எழுதித் தரச் சொல்லி மண்டியிடும் எங்கள் வழக்கத்துக்கு, அவள் அன்று இணங்கவில்லை. மாலைக்குள் காகிதச் சுருள் தீர்ந்தது. பிறகு கேக் வைத்த அட்டைகளையும் சுட்டார்கள்.

லாரியை நிறுத்திவிடுவதாக வீடு திரும்பும் வழியில் நான் சொன்னேன். மார்லிஸ் மறுத்துத் தலையசைத்தாள். "வேணாம். பேச்சு பேச்சுதான். நீ இரக்கப்பட்டு விட்டுக் குடுத்த மந்தைய வச்சுக்கிட்டு, அடுத்த குட்டி செத்தா உன் மூஞ்சிய நான் பாக்கணுமா? கயோட்டி செத்தா ஆடு இருக்கு. சாகலன்னா போகுது."

புதன்கிழமை பனிக்காற்று சுழன்றடித்தது. வியாழக்கிழமை காற்று எங்கள் முதுகிலிருந்து வீசி, எங்கள் வாசனையைப் பள்ளம் முழுவதும் பரப்பியது. வெள்ளிக்கிழமை காற்று திரும்பியது. லெஸ்டர் ஒன்பது மணிக்கு வருவான்.

ஆறரைக்குப் பள்ளத்தின் விளிம்பில் சேஜ் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். துப்பாக்கி மார்லிஸ் மடியில். நான் கயோட்டியை வரவழைக்கும் ஊதுகுழலை வாயில் வைத்து, கண்ணியில் சிக்கிய முயலைப்போல் அலறினேன். இருபது நிமிடம் அலறினேன். என்னை மணந்த நாள் முதல் நான் இத்தனை பயனுள்ளதாய்க் கத்தியதில்லை என்று அவள் முணுமுணுத்தாள்.

வலப்பக்கம் காய்ந்த புல் அசைந்தது. கிழிந்த காது முதலில் தெரிந்தது. எழுபது கஜம். ஐம்பத்தைந்து. அது மோப்பம் பிடிக்கச் சுற்றி வரத் தொடங்கியது. இன்னும் பத்தடி போனால் எங்கள் வாசனை அதற்கு எட்டிவிடும். "சுடு" என்று என் உடம்பெல்லாம் கத்தியது. மார்லிஸ் அசையவில்லை. ஐம்பது கஜத்தில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நாற்பதில் என்ன நடக்கும் என்று தாளில் எண்ணி வைத்திருந்தாள். நான் மெல்ல உதட்டைக் குவித்து எலியைப்போல் ஒரு கீச்சு கொடுத்தேன். அது எங்களை நோக்கித் திரும்பி, தாவி வந்து, நின்றது.

ஒரே வெடி. கயோட்டி நின்ற இடத்திலேயே சாய்ந்தது, கால்கூட உதறவில்லை.

மார்லிஸ் எழுந்து காலடிகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். "முப்பத்தெட்டு" என்றாள்.  நான் துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன்.

வீடு திரும்பியபோது, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட லெஸ்டர் லாரியின் பின்கதவைத் திறந்து, பலகையை இறக்கிவைத்துக் காத்திருந்தான். கயோட்டியைப் பார்த்தான், ஆட்டுப் பட்டியைப் பார்த்தான், முகம் தொங்கிப்போனது.

"அறுபது மைல் வந்திருக்கேன். காலி வண்டியோட திரும்பணுமா?"

"பாவம், அவன ஏன் காலியா அனுப்பணும்?" என்றாள் மார்லிஸ். வேலியோரம் நின்ற என் வெள்ளைமுகக் காளைக் கன்றுகள் நான்கையும் சுட்டிக் காட்டினாள். "அதுங்கள ஏத்து."

"அது என் மாடு!" என்றேன்.

"ஆமா" என்றாள். "லாரிக்குச் சொல்லி அனுப்புனப்ப இது என் ஆடுங்கிறது உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

லெஸ்டர் என்னைப் பார்த்தான்.    கன்றுகள் நின்ற பட்டியின் கதவைத் திறந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பலகையில் ஏற்றிவிட்டேன். மார்லிஸ் அதற்குள் குட்டிகளுக்கு வைக்கோல் போடப் போய்விட்டிருந்தாள்.