வாங்கும் திறன்

சகலை கொடுத்த சட்டையை வாங்கியதும் அவன் காலரைத் திருப்பி லேபிளைத்தான் முதலில் பார்த்தான். தொழில் புத்தி. புள்ளியியல் அலுவலகத்தில் விலை எடுக்கும் பிரிவு அவனுடையது. ஒரே மாதிரிச் சட்டை, ஒரே மாதிரி சோப்பு, இரண்டு அறை வீட்டு வாடகை, முடிவெட்டும் கூலி என்று நாட்டுக்கு நாடு விலை எடுத்து ஒப்பிடுவார்கள். நாணயத்தை அப்படியே மாற்றிப் பார்த்தால் விலை மலிவான ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி சோனியாகத் தெரியும். அதே பணம் உள்ளூரில் எவ்வளவு வாங்கும் என்று பார்த்துத் திருத்தினால், அந்த நாடே கொஞ்சம் சதைபிடித்து நிமிர்ந்து உட்காரும். இந்தத் திருத்தத்தின்மேல் அவனுக்குத் தனிப் பிரியம் உண்டு. காரணம், சகலை.

மனைவியின் தங்கை புருஷன் அவன். கல்யாணமான கையோடு மனைவியுடன் வெளிநாடு போனவன், இப்போது இருவரும் லீவில் வந்திருந்தார்கள். அவன் சம்பளத்தை உள்ளூர்க் காசுக்கு மாற்றி, வந்தவர் போனவரிடமெல்லாம் மாமனார் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கும்போதெல்லாம் இவனுக்கு வயிறு எரியும். அன்று சாப்பாட்டிலும் ஆரம்பித்துவிட்டார்.

"சின்னவருக்கு மறுபடி சம்பளம் ஏறியிருக்காம். நம்ம காசுல சொன்னா மயக்கமே வந்துடும்."

"அப்படி மாத்தக் கூடாது மாமா," என்றான் இவன். "அங்க வாங்குறதை அங்கதானே செலவு பண்றாங்க? அங்கத்த வாடகை, பஸ், முடிவெட்டு எல்லாம் வச்சு, வாங்கும் திறன்ல பார்த்தா சகலையும் நானும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

ஆபீஸ் கணினியில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பலமுறை போட்ட கணக்கு. அந்தக் 'கிட்டத்தட்ட'வில் மட்டும் கொஞ்சம் கைவைத்திருந்தான். மனைவி முறைத்தாள். மாமனார் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சகலை மட்டும் வாய்விட்டுச் சிரித்தான்.

"அண்ணா சொல்றது நூத்துக்கு நூறு நிஜம். அங்க ஒரு தடவை முடிவெட்டுற காசுல இங்க ஒரு வாரம் சாப்பிடலாம். அதான் நான் கடைப் பக்கமே போறதில்ல. இவதான் வெட்டி விடுறா." தலையைத் திருப்பிக் காட்டினான். ஒரு காதோரம் முடி மேலேறியிருந்தது.

"முதல் தடவை எலி கடிச்ச மாதிரி ஆயிடுச்சு அத்தான்," என்றாள் மைத்துனி. "ரெண்டு வாரம் தொப்பியோடதான் ஆபீஸ் போனாரு." சொல்லும்போதே அவள் கை தானாகச் சகலையின் பிடரிக்குப் போய், அங்கே இல்லாத முடியைத் தட்டிவிட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தை அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஜெயித்துவிட்ட சந்தோஷம் வரவேயில்லை; இவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் கழுத்தை மனைவி கடைசியாகத் தொட்டது எப்போது? கேஸ் தீர்ந்துபோச்சு, பள்ளிக்கூடத்துல வரச்சொன்னாங்க என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சே இல்லாமல் போய் வருஷங்கள் ஆகின்றன. சம்பளத்தின் மேலிருந்த பொறாமையையாவது பெருக்கி வகுத்துச் சின்னதாக்க முடிந்தது. இது எதில் வகுத்தாலும் அப்படியே நின்றது.

மறுநாள் காலை பின்பக்க பால்கனியில் சிரிப்புச் சத்தம். சகலை பழைய துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மைத்துனி கையில் கத்தரி. எதிரே கண்ணாடியைப் பிடித்தபடி இவன் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஏய், அந்தப் பக்கம் கோணிப்போச்சுடி!"

அவளுக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பதே அவனுக்கு மறந்திருந்தது. அவனைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. அதுதான் எல்லாவற்றையும்விட உறைத்தது.

"அடுத்து நீங்கதான் அத்தான்," என்றாள் மைத்துனி. "அக்கா வெட்டட்டும்."

"எனக்கெல்லாம் வராதுப்பா," என்றாள் மனைவி. ஆனால் தங்கை நீட்டிய கத்தரியை வாங்கிக்கொண்டாள். பிறகு அவனைப் பார்க்காமலே கேட்டாள்: "உட்கார்றீங்களா?"

போன வாரம்தான் கடையில் வெட்டியிருந்தான். அதைச் சொல்லவில்லை. உட்கார்ந்தான். துப்பட்டியில் சகலையின் சூடு இருந்தது. மைத்துனி பிடித்த கண்ணாடியில் பின்னால் நிற்கும் சகலையின் புதுத்தலைதான் முதலில் தெரிந்தது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். பிடரியில் தயங்கித் தயங்கி இரண்டு விரல்கள் பட்டன. காதுக்குப் பின்னால் கத்தரி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் இன்னும் வரவில்லை.